முன்னால் சாய்பவரும் பின்னால் விழுபவரும்

நரம்பியல் மருத்துவர் எழுந்து போய் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்கிறார். "இப்போது உங்கள் தோளைப் பிடித்துப் பின்பக்கம் இழுக்கப்போகிறேன். விழாமல் சமாளித்துக்கொள்ளுங்கள்; வேண்டுமானால் காலைப் பின்னால் எடுத்து வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெடுக்கென்று ஓர் இழுப்பு. நலமாக இருப்பவர் ஓரிரு எட்டு பின்வைத்து நின்றுவிடுவார். பத்தாண்டு பார்க்கின்சன் நோயோடு வாழ்ந்தவர் குட்டிக் குட்டி எட்டாக நாலைந்து வைத்துத் தடுமாறி, ஒருவழியாக நிற்பார். சில நாள் நிற்க முடியாமலும் போகும். இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் காலை எடுத்து வைக்கவே மாட்டார்கள். வெட்டிய வாழை போல அப்படியே மருத்துவரின் கையில் சாய்வார்கள். அவர்களுக்கு நோய் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

இந்த மூன்றாம் வகையினர் பலருக்கும் இருப்பது ப்ரோக்ரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பி.எஸ்.பி. பார்க்கின்சனின் தோற்றத்தில் வந்து பார்க்கின்சன் அல்லாத நோய்களில் ஒன்று. உடல் மந்தமாகிறது, தசை விறைக்கிறது, பேச்சு குழறுகிறது, நடை சுருங்குகிறது. இவ்வளவும் இரண்டுக்கும் பொது. ஆள்மாறாட்டம் அடிக்கடி நடப்பதில் வியப்பில்லை. அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் தமக்குப் பார்க்கின்சன் என்று 2013-இல் அறிவித்தார், அது பி.எஸ்.பி. என்று 2019-இல்தான் தெரிந்தது. ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் டட்லி மூரின் தடுமாற்றத்தைப் பார்த்துக் குடித்திருக்கிறார் என்று பேசினார்கள். 1999-இல் அவர் தமக்கு பி.எஸ்.பி. என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகே அந்தப் பேச்சு அடங்கியது. லண்டன் குவீன் ஸ்கொயரின் மூளை வங்கியிலிருந்து 1992-இல் ஒரு கணக்கு வந்தது. வாழ்நாளில் பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் சொன்ன 100 பேரின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆய்ந்ததில் 76 பேருக்குத்தான் அந்த நோய் உறுதியானது. மீதிப் பேரில் பி.எஸ்.பி.காரர்களும் இருந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நடுக்கத்தைவிடவும் விறைப்பைவிடவும் நல்ல இடம் விழுதல்தான் என்பது என் எண்ணம். நிற்கத் தெரிந்த மூளை எப்படி நிற்க மறக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரு நோய்களும் வெவ்வேறு விடை வைத்திருக்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் மூளையைப் படமெடுக்கும் கருவிகள் அந்த விடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்துள்ளன. வழியில், மிகப் பிரபலமான ஒரு படம் இந்தக் கேள்விக்கு உதவாத படம் என்பதும் தெரிந்துபோனது.

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனின் ஹாக்ஸ்டனில் வைத்தியம் பார்த்தவர். 1817-இல் வெளியிட்ட சிறுநூலில் ஆறு பேரை விவரித்தார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. உடல் முன்னோக்கி வளைவதையும், நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுவதையும் அப்போதே குறித்துவைத்தார். பி.எஸ்.பி. அடையாளம் காணப்பட இன்னும் ஏறத்தாழ 150 ஆண்டு ஆயிற்று. டொரண்டோ நரம்பியலாளர் கிளிஃபர்ட் ரிச்சர்ட்சனின் நண்பர் ஒருவருக்கு 1950-களில் கால் தடுமாறத் தொடங்கியது, பார்வையில் ஏதோ சரியில்லை, மறதியும் கொஞ்சம். தெரிந்த எந்த நோயிலும் அது அடங்கவில்லை. அதே மாதிரி வேறு சிலரும் வந்து சேர, ரிச்சர்ட்சன், இளம் மருத்துவர் ஜான் ஸ்டீல், நோய்க்கூறியலாளர் ஜெர்சி ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் 1964-இல் இதைத் தனி நோயாக எழுதினார்கள். பி.எஸ்.பி.யின் முதன்மை வடிவத்துக்கு இன்றும் ரிச்சர்ட்சன் பெயர்தான்.

உள்ளே இரண்டும் வேறு வேறு புரதங்களின் நோய்கள். பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனியூக்ளின் நரம்பு செல்லுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. பி.எஸ்.பி.யில் சேர்வது டவ் புரதம். நரம்பு செல்களில் முடிச்சாகவும், அவற்றைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் கொத்தாகவும். பின்னது அரிய நோய். லட்சம் பேரில் ஐந்து முதல் ஏழு பேருக்கு என்பது பொதுவான மதிப்பீடு.

விழும் கதைக்கு வருவோம். இறந்தபின் மூளையைச் சோதித்து நோய் உறுதியானவர்களின் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 1999-இல் வந்தது. நோய் தொடங்கியதிலிருந்து அடிக்கடி விழத் தொடங்கும்வரை ஆன காலத்தை அது கணக்கிட்டது. பி.எஸ்.பி.யில் சுமார் ஆறு மாதம். பார்க்கின்சனில் ஏறத்தாழ ஒன்பது, பத்து ஆண்டு. இவ்வளவு அகன்ற இடைவெளி நரம்பியலில் எளிதில் கிடைப்பதில்லை. 1967-இல் ஹோயன், யார் (Yahr) என்ற இரு நரம்பியலாளர்கள் பார்க்கின்சனை ஐந்து கட்டங்களாகப் பிரித்தபோது சமநிலை குலைவதை மூன்றாம் கட்டத்தின் வாசலாக வைத்தார்கள். பி.எஸ்.பி.யில் அதுவே பல வேளை முதல் வாசல்.

விழும் திசையும் வேறு. பார்க்கின்சன் நோயாளி பெரும்பாலும் முன்னால் அல்லது பக்கவாட்டில் போகிறார். திரும்பும்போது, வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்போது, யாரோ கூப்பிட்டுக் கவனம் சிதறும்போது. அவர் விழுவதற்கு ஒரு காரணம் கேட்டால் சொல்வார். பி.எஸ்.பி.காரர் சும்மா நின்றுகொண்டிருந்தவர் பின்னால் சாய்ந்து தலை அடிபட விழுவார். எதனால் என்று அவருக்கே தெரியாது. இன்னொரு வினோதம் சைக்கிள். நாலு அடி நடக்கத் திணறும் பார்க்கின்சன் நோயாளி ஒருவர் சைக்கிளில் ஏறிச் சரளமாக ஓட்டிப்போன காணொளியை டச்சு மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் நோய் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அதைக் கைவிட நேர்ந்தால் அது பார்க்கின்சனாக இல்லாமல் இருக்கலாம் என்று அதே நாட்டுக் குழு அடுத்து எழுதியது. பார்க்கின்சனில் பக்கவாட்டுச் சமநிலை நெடுநாள் காப்பாற்றப்படுகிறது. அதனால்தான் கால்களைச் சேர்த்து வைத்தே அவர்கள் நடக்கிறார்கள். சைக்கிள் சந்துக்குச் சந்து ஓடும் நம் ஊரில், "எப்போது சைக்கிளை விட்டீர்கள், ஏன்?" என்ற கேள்விக்கு மருத்துவமனையில் இடம் கிடைக்க வேண்டும்.

இனி படங்கள். இயக்கக் கோளாறு என்றதும் நினைவுக்கு வரும் முதல் படம், அசைவுக்கு வேண்டிய நரம்பு இரசாயனமான டோபமினின் படம். டோபமினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்பெக்ட் கருவியில் எடுப்பது. அமெரிக்காவில் 2011-இல் இதற்கு அனுமதி கிடைத்தது; இந்தியாவில் டெக்னீசியம் சேர்த்த ட்ரோடாட் மருந்தை வைத்து எடுக்கிறார்கள். நலமான மூளையில் இரு பக்கமும் காற்புள்ளி வடிவில் ஒளிரும் இரு திட்டுகள் தெரியும். பார்க்கின்சனில் காற்புள்ளியின் வால் அழிந்து புள்ளி மட்டும் மிஞ்சுகிறது. வால் என்பது புட்டமென் என்ற பகுதியின் பின்பாதி. டோபமின் நரம்புகள் முதலில் பட்டுப்போகும் இடம் அது.

பி.எஸ்.பி.யிலும் ஒளி மங்குகிறது. நுணுகிப் பார்த்தால் சில வேறுபாடுகள் உண்டு: பார்க்கின்சனில் ஒரு பக்கம் கூடுதலாக மங்கும், பி.எஸ்.பி.யில் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக. முன்பகுதியான காடேட்டும் சீக்கிரமே சேர்ந்து மங்கும். ஆனால் ஒரு தனி ஆளின் படத்தை வைத்து இது இன்ன நோய் என்று அடித்துச் சொல்ல இந்த வேறுபாடு போதாது. நடுக்கம் மருந்தின் பக்கவிளைவா, உண்மையான டோபமின் இழப்பா என்று பிரிக்க அந்தப் படம் நன்றாக உதவும். இந்த இரு நோய்களைப் பிரிக்கச் சொன்னால் கையை விரித்துவிடும். டோபமின் செல்கள் குடியிருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்குள் நல்ல எம்.ஆர்.ஐ.யில் தெரியும், தகைவிலான் குருவியின் வாலைப் போன்றது என்று சொல்லப்படும் அந்த வெண்கோடும் இப்படித்தான்: இரண்டு நோயிலும் மறைந்துவிடுகிறது.

விழுவதை விளக்கவாவது டோபமின் உதவுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாஸ் போனன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையின் திருப்புமுனை என்று தயங்காமல் சொல்வேன். 44 பார்க்கின்சன் நோயாளிகள். அவர்களில் 17 பேர் விழுந்திருக்கிறார்கள், 27 பேர் விழுந்ததில்லை. எல்லாருக்கும் இரண்டு பெட் ஸ்கேன்: ஒன்று டோபமின் நரம்புகளைக் காட்டுவது, மற்றது அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்பு இரசாயனத்தைச் சிதைக்கும் நொதியை அளந்து அந்த நரம்புகளின் நிலையைக் காட்டுவது. டோபமின் இழப்பில் விழுந்தவர்களுக்கும் விழாதவர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வேறுபட்டது அசிட்டைல்கோலின். அதிலும் மூளையின் நடுவே சேதிகள் சந்திக்கும் தாலமஸில், விழுந்தவர்களிடம் அது தெளிவாகக் குறைந்திருந்தது.

இதன் பொருள் வீட்டிலிருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை கையை இளக்குகிறது, சட்டைப் பொத்தானைப் போட வைக்கிறது, முகத்தில் சிரிப்பைத் திருப்பித் தருகிறது. விழுவதை மட்டும் நிறுத்துவதில்லை. சிலருக்கு மருந்து நன்றாக வேலை செய்து உடல் லேசான நேரத்தில், தைரியமாக எழுந்து நடந்து விழுவதும் உண்டு. மருந்தளவைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை என்பதற்கு மிச்சிகன் படங்கள் காரணம் காட்டின: பழுது வேறு கம்பியில்.

அந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது? மூளைத்தண்டில், நடுமூளையும் அதன் கீழுள்ள பான்ஸும் சேரும் இடத்தில் பெடங்குலோபான்டைன் உட்கரு என்று ஒரு சின்னத் திரள் இருக்கிறது. தாலமஸுக்கு அசிட்டைல்கோலினைப் பெருமளவில் அனுப்புவது அதுதான். எட்டு வைப்பது, நிமிர்ந்து நிற்பது, விழித்திருப்பது ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு. பார்க்கின்சன், பி.எஸ்.பி. இரண்டிலும் அங்குள்ள செல்கள் அழிகின்றன என்று பாரிஸில் மூளைகளைச் சோதித்த ஒரு குழு 1987-லேயே காட்டியிருந்தது. அதே நகரத்திலிருந்து 2010-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பார்க்கின்சனில் விழுந்தவர்களின் மூளையில் அந்தச் செல்கள் விழாதவர்களைவிடக் குறைவு; குரங்குகளில் அந்தச் செல்களை மட்டும் அழித்தபோது நடையும் நிலையும் கெட்டன; டோபமின் மருந்தால் அது சீராகவில்லை.

ஆக, தாலமஸ் என்னும் சந்திப்பில் இரண்டு நோய்களும் கூடுகின்றன. கூடும் விதத்தில்தான் பேதம். ஜப்பானின் சிபாவில் 1999-இல் ஷினோடோ குழுவினர் இரு வகை நோயாளிகளையும் ஒரே பெட் முறையில் அளந்தார்கள். பார்க்கின்சனில் அசிட்டைல்கோலின் நொதி மூளைப் புறணியில் 17 சதவீதம் குறைந்திருந்தது. பி.எஸ்.பி.யில் புறணி ஓரளவு தப்பித்திருக்க, தாலமஸில் 38 சதவீதம் சரிவு. பார்க்கின்சனில் அடி முதலில் விழுவது புறணிக்குப் போகும் நரம்புகளில். அவை கவனத்தைத் தாங்குபவை. பேசிக்கொண்டே நடந்தால் தடுமாறுவது, டம்ளரைக் கையில் கொடுத்தால் நடை நின்றுபோவது எல்லாம் இதோடு பொருந்துகின்றன. தாலமஸின் கம்பியும் அறுபடும்போது விழத் தொடங்குகிறார்கள். அதற்குத்தான் பத்தாண்டு பிடிக்கிறது. பி.எஸ்.பி.யில் நோய் முதல் நாளே தாலமஸின் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கும் பத்தாண்டுக்கும் நடுவே உள்ள அந்தப் பெரிய இடைவெளியை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

பி.எஸ்.பி.யில் சேதம் இரசாயனத்தோடு நிற்பதில்லை. கட்டடமே சுருங்குகிறது, அது சாதாரண எம்.ஆர்.ஐ.யிலேயே தெரிகிறது. மூளையை மூக்கின் நேராக இரண்டாக வெட்டினாற்போல் எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில், நலமான நடுமூளையின் மேல்விளிம்பு சற்றே புடைத்திருக்கும். பி.எஸ்.பி.யில் அது தேய்ந்து குழிந்து, கீழே பருத்த பான்ஸோடு சேர்ந்து, நீண்ட அலகும் கொழுத்த வயிறும் கொண்ட பறவையைப் போல ஆகிவிடுகிறது. ஹம்மிங்பேர்டு அடையாளம் என்கிறார்கள். பென்குயின் என்பவர்களும் உண்டு. பறவையைக் கண்ணால் தேடுவது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பிறகு அளக்கத் தொடங்கினார்கள். ஜப்பானில் ஓபா குழுவினர் 2005-இல் வெளியிட்ட அளவுகளில், நடுமூளையின் பரப்பு நலமானவர்களுக்குச் சராசரி 117.7 சதுர மில்லிமீட்டர், பார்க்கின்சனில் 103, பி.எஸ்.பி.யில் 56. ஏறத்தாழப் பாதி. பார்க்கின்சன் நோயாளியின் நடுமூளை, இத்தனை தொல்லைக்குப் பிறகும், உருவத்தில் பெரிதாக மாறுவதில்லை.

இத்தாலியின் கதன்சாரோவில் குவாத்ரோனே குழு 2008-இல் இதை இன்னும் கூர்மையாக்கியது. பான்ஸின் பரப்பை நடுமூளையின் பரப்பால் வகுத்து, சிறுமூளையின் நடுக்காம்பின் அகலத்தை மேற்காம்பின் அகலத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் ஓர் எண் வரும். 13.55-ஐ அது தாண்டினால் பி.எஸ்.பி. பக்கம் சாய்கிறது. இந்த வாய்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் கணக்குத் திறமை அன்று. வகுக்கும் இடத்தில் நிற்கும் இரண்டுமே சமநிலைக்கு வேண்டியவை. மேற்காம்பு என்பது சிறுமூளையிலிருந்து நடுமூளை வழியாகத் தாலமஸுக்குப் போகும் பாதை. உடல் எங்கே சாய்ந்திருக்கிறது, எவ்வளவு திருத்த வேண்டும் என்ற சேதி அவ்வழியே மேலே போகிறது. நோயைப் பிரிக்க வேண்டுமென்று தேர்ந்தெடுத்த எண்ணே விழும் காரணத்தின் வரைபடமாகவும் ஆகிவிட்டது.

எல்லாம் சரி, இதில் ஒரு சிக்கலை யாரும் மறக்கக்கூடாது. இந்தப் படங்களுக்கு ஆள் படுத்திருக்கிறார். படுத்திருப்பவர் விழமாட்டார். நிற்கும் மூளையைப் படுத்த மூளையிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதைச் சமாளிக்க ஆய்வாளர்கள் செய்த தந்திரங்கள் சுவையானவை. ஜப்பானின் ஹமமாட்சுவில் ஔச்சி குழுவினர், நகரும் பெட் கருவியைக் கொண்டு நின்றுகொண்டிருக்கும் ஆட்களின் மூளையையே படமெடுத்து 1999-இல் வெளியிட்டார்கள். நலமானவர்கள் கால்களைச் சேர்த்து நிற்கும்போது சிறுமூளையின் முன்மடலும் பார்வைப் புறணியும் வேலை செய்வதை அது காட்டியது. அதே ஆண்டு கியோட்டோவில் ஹனகவா குழுவினர் பார்க்கின்சன் நோயாளிகளை டிரெட்மில்லில் நடக்க விட்டார்கள். நடக்கும்போதே ஊசி, மருந்து மூளையில் படிந்து நின்றுவிடும், பிறகு படுக்கவைத்து ஸ்பெக்ட் எடுத்தாலும் நடந்த நேரத்து மூளைதான் படத்தில் வரும். டிரெட்மில்லில் குறுக்குக் கோடுகள் போட்டவுடன் நடை சீரானது. அப்போது புறணியின் வெளிப்புற ப்ரீமோட்டார் பகுதி கூடுதலாகச் சுறுசுறுப்படைந்திருந்தது. கண்ணால் பார்த்து எட்டு வைக்கும் மாற்றுவழி பார்க்கின்சனில் திறந்திருக்கிறது என்பதற்கு அது படச்சான்று. தரையில் நாடா ஒட்டிப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபியும் இந்த மாற்றுவழியை நம்பித்தான் நடக்கிறது.

பி.எஸ்.பி.க்கு இந்த வசதியும் குறுகல். கண்ணை மேலும் கீழும் அசைக்கும் கட்டளை நடுமூளையில் பிறக்கிறது. அந்த நடுமூளைதான் தேய்கிறது. கீழே பார்க்க முடியாதவருக்குத் தரையில் கோடு போட்டு என்ன பயன்? படி இறங்குவது ஆபத்தாகிறது. தட்டைப் பார்க்க முடியாததால் சாப்பாடு மார்பில் சிந்துகிறது. மேலைநாட்டு மருத்துவர்கள் இதை அழுக்கு டை அடையாளம் என்கிறார்கள். தரையில் இலை போட்டு உண்பவரின் நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும். உட்செவி சொல்லும் அசைவுச் சேதியைக் கண்ணசைவாக மாற்றுவதிலும் இவர்களுக்குக் குறையிருக்கிறது என்று கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் 2008-இல் அளந்து காட்டினார்கள்.

மியூனிக்கில் ஸ்வெர்கால் குழுவினர் 2011-இல் வெளியிட்டது பி.எஸ்.பி. பக்கத்தின் முக்கியச் சான்று. 16 நோயாளிகள், எத்தனை முறை விழுகிறோம் என்று அவர்களே குறித்துவந்தார்கள். மாதத்துக்கு ஒன்றிலிருந்து நாற்பதுவரை. நிற்கும் மேடையில் அவர்களின் உடல் ஆட்டத்தை அளந்தார்கள், மூளையின் குளுக்கோஸ் செலவை பெட்டில் பார்த்தார்கள், எம்.ஆர்.ஐ.க்குள் படுத்தபடியே நிற்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அதிகம் ஆடியவர்களுக்கும் அதிகம் விழுந்தவர்களுக்கும் தாலமஸின் குளுக்கோஸ் செலவு குறைந்திருந்தது. நிற்பதாக நினைத்தபோது நடுமூளையும் தாலமஸும் போதுமான அளவு விழித்தெழவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: வெறும் தரையில் கண் திறந்து நிற்கும்போது வந்த ஆட்டத்தைவிட, நுரை மெத்தையின் மேல் நிற்கும்போதும் தலையை அண்ணாந்திருக்கும்போதும் வந்த ஆட்டம்தான் விழும் எண்ணிக்கையோடு மிக நெருங்கிப் பொருந்தியது. புலன்களின் சேதி குழம்பும்போது சரிபார்க்க வேண்டியது தாலமஸ், அங்கேதான் ஓட்டை.

16 பேர் என்பது சிறு எண்ணிக்கை. மிச்சிகனில் விழுந்தவர்கள் 17 பேர்தான். கற்பனையில் நிற்பது வேறு, காலில் நிற்பது வேறு. ஆனாலும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு நோயில் தேடியவர்கள் எல்லாரும் கடைசியில் தாலமஸின் கதவையே தட்டியிருக்கிறார்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

குளுக்கோஸ் படத்தில் இன்னொரு பெரிய வேறுபாடும் தெரியும். பி.எஸ்.பி.யில் நெற்றிப்புறத்தின் நடுப்பகுதி மங்குகிறது. அங்கே கட்டுப்பாடும் நிதானமும் குடியிருக்கின்றன. பார்க்கின்சன் நோயாளி விழுவோமோ என்று அஞ்சி நாற்காலியின் கையைப் பற்றுவார். பி.எஸ்.பி.காரர் பலர் யோசிக்காமல் ராக்கெட் மாதிரி எழுந்து நிற்பார்கள், அதே வேகத்தில் திரும்ப நாற்காலியில் விழுவார்கள். "சொன்னால் கேட்கவே மாட்டேன் என்கிறார்" என்று வீட்டார் அலுத்துக்கொள்வதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. படத்தில் இருண்டு கிடக்கும் பகுதியின் வேலை அது.

காரணம் ஒரே இடத்தில் என்றால் மருந்தும் ஒன்றாகுமா? அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்துகள் ஏற்கெனவே உள்ளன, மறதி நோய்க்குக் கொடுப்பவை. பிரிஸ்டலில் விழுந்த அனுபவமுள்ள 130 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து ரிவாஸ்டிக்மினைப் பரிசோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. நடையின் தாளம் சீரடைந்தது, விழுவதும் குறைந்தது, குமட்டல் கூடியது. பி.எஸ்.பி.யில் 2001-இலேயே டோனெபெசில் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். இயக்கமும் அன்றாடச் செயல்பாடும் முன்னைவிட மோசமாயின. ஒரு வகையில் இதை எதிர்பார்த்திருக்கலாம். பார்க்கின்சனில் கம்பி நைந்திருக்கிறது, சேரும் இடம் பெரும்பாலும் நலமாக இருக்கிறது. கூடுதல் இரசாயனம் போனால் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. பி.எஸ்.பி.யில் அனுப்புமிடம், பாதை, சேருமிடம் மூன்றும் சேர்ந்தே கெட்டிருக்கின்றன. பெடங்குலோபான்டைன் உட்கருவுக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் அறுவைச் சிகிச்சை 2005 முதல் முயன்று பார்க்கப்படுகிறது. பார்க்கின்சனிலேயே பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இந்த ஒப்பீட்டைக் குழப்பும் ஒரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். குவீன் ஸ்கொயர் மூளை வங்கி 2005-இல் காட்டியபடி, பி.எஸ்.பி. மூளை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வாழ்நாளில் பார்க்கின்சன் போலவே தொடங்கியவர். ஒரு பக்கம் நடுக்கம், லெவோடோபாவுக்கு ஓரளவு பலன், விழுவது தாமதமாக. இவர்களிடம் நடுமூளையும் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. பறவையைத் தேடினால் கிடைக்காது. டவ் புரதத்தையே ஒளிரவைக்கும் புதிய பெட் மருந்துகள் ஒருநாள் இவர்களைப் பிரித்துக் காட்டலாம். பி.ஐ.2620 என்ற மருந்து பி.எஸ்.பி.யில் நம்பிக்கை தந்திருக்கிறது. பார்க்கின்சனின் சைனியூக்ளினுக்கு அதே போல மருத்துவமனையில் பயன்படும் பெட் மருந்து இன்னும் வரவில்லை.

மிச்சிகனில் எடுத்த அசிட்டைல்கோலின் படம் நாளை நம் ஊர் மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கான மருந்தில் உள்ள கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் அடுத்த அறையில் இருந்தால்தான் அதை வைத்து வேலை செய்ய முடியும். நடுமூளைப் பரப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. மூளைக்கு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் அந்தப் பக்கவாட்டுப் படம் ஏற்கெனவே இருக்கிறது, தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் கோரிக்கைச் சீட்டில் "பார்க்கின்சன்?" என்று மட்டும் எழுதி அனுப்பினால், பக்கவாதம், கட்டி எதுவும் இல்லை என்று அறிக்கை வந்துவிடும், நடுமூளையை யாரும் அளந்திருக்கமாட்டார்கள். "முதல் ஆண்டிலேயே பின்பக்கமாக விழுகிறார், நடுமூளையை அளக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் அளப்பார்கள். அந்த வரியை எழுதுவதற்கு, முதலில் யாராவது எழுந்து போய் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.